பேட்டையில் நிற்காத ரயில்

“தாலியை எதுக்கும்மா அதுக்குள்ள வச்சே, நான் கேக்கேன்…”

“பொன்னு இல்லாம பரஸ்தானம் அனுப்புவாகளா எங்கயாவது? உங்க அப்பா காசிக்குப் புறப்பட்ட அன்னைக்கு…”

“அப்பா காசிக்குப் போன கதை இப்ப வேண்டாம். தாலி எங்க?”

“அதைத்தானே சொல்ல வாரேன். சொல்ல விடுதியாலே நீ?”

“பேட்டையில இருக்குன்னுதானே சொல்லப் போறே!”

“தெரியுதுல்லா? பொறவு என்னத்துக்கு என்னைப் போட்டுக் கேக்கே?”

இருவருக்கும் நடுவில் நின்ற அன்னத்தாய் கைவிளக்கை மாடத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். நேற்றுச் சாயங்காலம் ஆசாரி கொண்டுவந்து கொடுத்த பித்தளைச் செப்பு பூசையறை மாடத்தில் இல்லை. அவள் புருஷன் பாபநாசம் பிள்ளை ஒரு கையில் தலைப்பாகையும் மறு கையால் வெறும் மாடத்தைத் துழாவுவதுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். மாமியார் பாலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தான் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பதுபோல மகனையே பார்த்தாள். உள்ளறையில் ஆறு வயசு வடிவு தூக்கத்தில் புரண்டு படுத்தாள்.

கடிகாரம் நாலு அடித்து ஓய்ந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் அன்னத்தாயின் ஒரே தம்பி சிவசைலத்துக்குக் கல்யாணம். ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் அக்காள்காரிதான் போட வேண்டும். தம்பிக்கு நாலு வயசிருக்கும்போது தாயார் தவறிப் போய்விட்டாள். பதினோரு வயசு அன்னத்தாய்தான் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள். அவன் கல்யாணத்துக்குத் தாலியைத் திருநெல்வேலி ஆசாரியிடம் செய்து நானே கொண்டுவருவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ரயில். அதை விட்டால் அடுத்தது மத்தியானத்துக்குமேல்தான்.

நாலு நாள் முன்னதாகவே பிறந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். போக முடியவில்லை. வடிவுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் வீட்டை விட்டு ஒருவரும் வெளியூர் போகக்கூடாது. வியாழக்கிழமை காலையில்தான் குழந்தைக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். வெள்ளி காலை ரயில் ஏறலாம் என்று பாபநாசம் பிள்ளை சொன்னதும் பாலம்மாள் குறுக்கே வந்துவிட்டாள்.

“வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அம்பாசமுத்திரம் மேற்கேல்லா கிடக்கு?”

அதற்கு வழி அவளே கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பயணப்படுகிறவளின் சேலை, மஞ்சள், வெற்றிலை, ஒரு பிடி அரிசி, பொட்டளவு பொன் எல்லாவற்றையும் முடிந்து, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். மூட்டை புறப்பட்டபோதே ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் சூலம் ஒன்றும் செய்யாது. அதுதான் பரஸ்தானம். ஒரே நிபந்தனை: வைத்த மூட்டை திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது.

நேற்று சாயங்காலம் பாலம்மாளே குதிரைவண்டி வைத்துக்கொண்டு மேற்கே பேட்டைக்குப் போய், வருஷக்கணக்காக வீட்டுக்குக் கருப்பட்டி கொண்டுவந்து போடுகிற செல்லக்கிளியிடம் மூட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதற்குள் தாலிச் செப்பும் இருக்கிறது என்பது இப்போதுதான் வெளியே வந்தது.

“ரயிலடி கிழக்கே ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கு. மூட்டையை மேற்கே பேட்டையில கொண்டு போய் வச்சிருக்கே. எப்படிம்மா எடுக்கது?”

“ரயிலு பேட்டை வழியாத்தானே போவுது? செல்லக்கிளி வீட்டுக்குப் பின்னாலதான் தண்டவாளம் கிடக்கு. அங்கன நிப்பாட்டி வாங்கிக்கிட வேண்டியதுதான்.”

பாபநாசம் பிள்ளை தலைப்பாகையைத் தரையில் போட்டுவிட்டார்.

“ரயிலு என்ன மாட்டு வண்டியா, கையைக் காட்டுனா நிக்க?”

“நான் என்னத்தைக் கண்டேன், உன் ரயிலை! ஏறியிருக்கேனா, இறங்கியிருக்கேனா?”

வாசலில் குதிரை குளம்பைத் தட்டியது. மேலப்பாளையத்துக் காஜா முகைதீன், நேற்றைக்குப் பேட்டைக்கு ஓட்டியவன், சொன்ன நேரத்துக்கு வண்டியோடு வந்து நின்றான்.

“அண்ணாச்சி, சண்டையை ரயில்ல ஏறி வச்சுக்கிடலாம். எனக்கு ஒண்ணுமில்ல, குதிரைதான் கேக்குது.”

“ஏ காஜா, பேட்டைக்குப் போயிட்டு ரயிலடிக்குப் போனா நேரம் காணுமா?”

“அல்லா கொடுத்தா காணும். பேசிக்கிட்டே நின்னா காணாது.”

அன்னத்தாய் விளக்கைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த இருபது நாளும் வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்திருந்தது அவளில்லை, இந்த மாமியார்தான். ‘நீ போய்ப் படு, உனக்குக் கல்யாண வேலை கிடக்கு’ என்று அவளை விரட்டி விரட்டித் தூங்க வைத்தவள். ‘குழந்தை இப்படிக் கிடக்கையில கல்யாணம் என்ன கல்யாணம்’ என்று பாபநாசம் பிள்ளை சொன்னபோது, ‘தாயில்லாப் பிள்ளைக்கு அவதாம்லே தாய். போகாம இருந்தா நாளைக்கு அந்தப் பய யாரு முகத்துல முழிப்பான்?’ என்று மகனோடு மல்லுக்கு நின்றவளும் அவளேதான்.

“நானும் அத்தையும் பேட்டைக்குப் போயி எடுத்துட்டு வாரோம்” என்றாள் அன்னத்தாய். “நீங்க கோர்ட்டுக்குப் போன பொறவுதான் செல்லக்கிளி அக்கா வருவாக, உங்களைத் தெரியாது. அகால வேளையில ஆம்பிளை போய்க் கதவைத் தட்டுனா திறக்க மாட்டாக. நீங்க வடிவுகிட்ட இருங்க. திரும்புகையில அத்தையை இறக்கி விட்டுட்டு உங்களை ஏத்திக்கிடுதோம்.”

“மூட்டை திரும்பி வாசலுக்கு வரப்படாது” என்றாள் பாலம்மாள்.

“வாசலுக்கு வரலை அத்தை. தெரு முக்குலயே நின்னுக்கிடுவோம்.”

“முக்குன்னா சரி.”

பாபநாசம் பிள்ளை இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். முன்சீப் கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்களுக்குக் கேஸ்கட்டு எடுத்துக் கொடுத்தவர், இந்த வழக்கில் கீழே கிடந்த தலைப்பாகையைத்தான் எடுத்தார்.

வண்டி மேற்கே திரும்பி ஓடியது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சாலையோரத்து வயல்களில் கார் நாற்றுப் பாவ உழுதுபோட்ட சேற்று வாசனை வந்தது. காஜா முகைதீன் குதிரையோடு பேசிக்கொண்டே வந்தான்.

“அத்தை, தாலியை நீங்களா எடுத்து வச்சீங்க?” என்று கேட்டாள் அன்னத்தாய்.

“நான் தொடுவேனா?” பாலம்மாளுக்குச் சுருக்கென்று வந்தது. “எனக்குத் தெரியாதாக்கும்? வடிவு கையால எடுத்து வைக்கச் சொன்னேன். தலைக்குத் தண்ணி ஊத்துன பிள்ளை, அம்மன் விளையாடிட்டுப் போன உடம்பு. அதைவிட நல்ல கை எங்க கிடைக்கும்? முடிச்சைத்தான் நான் போட்டேன். வீட்டுல பொட்டளவு பொன்னுன்னு கையில ஆப்பிட்டது அது ஒண்ணுதான்.”

“என் மூக்குத்தி இருந்துச்சே.”

“கல்யாணத்துக்குப் போறவ மூளி மூக்கோட போவியோ?”

அன்னத்தாய் சிரித்துவிட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த காஜா முகைதீனும் சிரித்தான்.

“நீ என்னலே சிரிக்கே?”

“குதிரை சிரிச்சுச்சு ஆச்சி.”

பேட்டையில் செல்லக்கிளியின் வீட்டுக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பாலம்மாள் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். “ஏ செல்லக்கிளீ” என்று பூட்டைப் பார்த்தே கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டில் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்திருந்த ஆபிதா பீவி, கையில் தண்ணீர்ச் செம்போடு எட்டிப் பார்த்தாள்.

“யாரது, நேத்து வந்த ஆச்சியா? அவ வண்டி கட்டிப் போயி வெகு நேரமாச்சே. இன்னைக்கு வெள்ளியில்லா? சேரன்மாதேவிச் சந்தை.”

பாலம்மாள் தலையில் ஒரு கை வைத்தாள்.

“வெள்ளி… வெள்ளி… சூலத்துக்கு நினைச்சேன், சந்தைக்கு நினைக்கலையே!”

“மூட்டை?” என்றாள் அன்னத்தாய். “அக்கா, ஒரு மூட்டை கொடுத்திருந்தோம். அது உள்ளயா இருக்கு?”

“உள்ள எங்க? மடியில கட்டிக்கிட்டுல்லா போறா! ‘பூட்டின வீட்டுல போட்டுட்டுப் போக மனசு வரலை, ஆபிதா. மேற்கே போக வேண்டிய பொருள்தானே, மேற்கேயே கொண்டு போறேன். ரயிலு இங்கன நிக்காதுன்னு ஆச்சிக்குத் தெரியலை. சேரன்மாதேவி ரயிலடியில கொண்டு வந்து கொடுத்திருதேன்’னு சொல்லிட்டுப் போனா. யாராவது வந்தா சொல்லுன்னா. இன்னொண்ணும் சொன்னா.”

“என்ன?”

“ஆச்சி கையிலதான் கொடுப்பாளாம். வேற யாரு வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டாளாம். ‘உள்ள என்ன இருக்கோ ஏது இருக்கோ, யாரு வச்சாகளோ அவுக கையிலதான்’னு சத்தியம் பண்ணாத குறை.”

அன்னத்தாயின் மனசு முன்னும் பின்னும் ஓடியது. நாலு காத தூரம் போலத் தோன்றியது சேரன்மாதேவி. வண்டி அச்சு முறிந்தால்? மாடு படுத்துவிட்டால்? சந்தைக் கூட்டத்தில் ரயில் வருகிற நேரம் தெரியாமல் போய்விட்டால்? பத்தரைக்கு முன்னால் பந்தலில் வெறுங்கையோடு போய் நின்று தம்பியிடம் என்ன சொல்வது? வண்டியை விரட்டிச் சாலை வழியாகவே செல்லக்கிளியைப் பிடிக்கலாமா என்றால், பிடித்த பிறகு அம்பாசமுத்திரம் வரைக்கும் இந்தக் குதிரை தாங்காது.

“அம்மா, ரயில்தான் வழி” என்றான் காஜா முகைதீன், அவள் கேட்காமலே. “இப்பத் திருப்புனா பிடிச்சிரலாம்.”

“அத்தையும் வரணும்.”

“நானா?” என்றாள் பாலம்மாள். “எங்க?”

“சேரன்மாதேவிக்கு. உங்க கையிலதானே கொடுப்பாகளாம்.”

“ரயில்லயா? ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மேற்கே சூலம். எனக்கு மூட்டை யாரு அனுப்புனா? மாத்துச் சேலை இல்லை. குளிக்கலை.”

ஆபிதா பீவி உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி.

“மேற்கே சூலத்துக்கு இனிப்புத் தின்னுட்டுப் போனாச் சரியாப் போகும்னு செல்லக்கிளிதான் சொல்லுவா. அவ வீட்டுக் கருப்பட்டிதான் ஆச்சி, வாயில போடுங்க.”

“வெல்லம்லா சொல்லுவாக.”

“இதுவும் இனிப்புத்தான். சூலம் என்ன நாக்கை நீட்டியா பாக்கப் போவுது?”

பாலம்மாள் கருப்பட்டியை வாங்கினாள். வாங்கியதைப் பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். “நல்லா இருப்பே தாயி” என்று அவள் சொன்னது கருப்பட்டிக்கு நடுவில் சரியாகக் கேட்கவில்லை. அன்னத்தாய் ஆபிதா பீவியின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“போங்க போங்க. கல்யாணப் பலகாரம் ரெண்டு எனக்கும் எடுத்து வைங்க.”

வண்டி கிழக்கே பறந்தது. தெரு முக்கில் பாபநாசம் பிள்ளை தலைப்பாகையும் குடையும் கையுமாகத் தயாராக நின்றார். காஜா முகைதீன் குதிரையை நிறுத்தவில்லை, மெல்ல மட்டும் விட்டான்.

“மூட்டை கிடைச்சுதா?”

“சேரன்மாதேவிக்குப் போயிருக்கு!” என்று கத்தினாள் பாலம்மாள். “நான்தான் போய் வாங்கணும்! நீ புள்ளையைப் பாத்துக்கோ!”

“நான் கல்யாணத்துக்கு…”

“கஞ்சி பானையில கிடக்கு! உப்பு அதிகம் போட்டுராதே, மூணாம் தண்ணி ஊத்துன வாய்!”

“எம்மா, மாப்பிள்ளைக்கு அத்தான் நானில்லாம…”

“உனக்குப் போட ஒரு முடிச்சும் இல்லைல்லா?”

குடையை ஏந்தியபடி அவர் வண்டிக்குப் பின்னால் பத்தடி ஓடினார். பிறகு நின்றுவிட்டார். இருட்டில் அவர் சொன்னது மட்டும் துரத்திக்கொண்டு வந்தது.

“அன்னம், சிவசைலத்துக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு… நல்லா இருக்கச் சொல்லு!”

அன்னத்தாய்க்குக் கண் கலங்கியது. ஒரு பொழுதும் அவர் அவளிடம் விட்டுக்கொடுத்தது கிடையாது. இன்றைக்கு ஓடிவந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ரயிலடியில் வண்டி நிற்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அன்னத்தாய் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுக்க, காஜா முகைதீன் டிக்கட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பாய்ந்தான். “அண்ணாச்சி, அண்ணாச்சி, கல்யாணத்துத் தாலி இந்த அம்மா கையில!” என்று அவன் அங்கே அளந்த பொய்யை அவர்கள் இருவரும் கேட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் விலகி வழி விட்டார்கள். வாசலில் டிக்கட்டைப் பார்க்கிறவர் பார்க்காமலே “போங்க போங்க” என்றார்.

பாலம்மாள் ரயில் பெட்டிக்குக் கீழே வந்து நின்றாள். நின்றவள் நின்றபடி இருந்தாள்.

“எம்மாடி. இம்புட்டு உயரமா?”

“ஏறுங்க அத்தை.”

“இது அசையுதே!”

“இன்னும் அசையலை ஆச்சி. அசையறதுக்கு முன்னால ஏறணும்” என்றான் காஜா முகைதீன். ஓடிப்போய்க் குதிரை வண்டியில் ஏறுவதற்கு வைத்திருக்கும் மரப்படியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு அடியில் போட்டான். “இதுல காலை வைங்க. நேத்து இதுலதானே ஏறினீங்க, பழக்கப்பட்ட படிதான்.”

ஏறிவிட்டாள். ரயில் ஊதியது. அன்னத்தாய் ஜன்னல் வழியாகக் கும்பிட்டாள். அவன் மரப்படியைத் தோளில் வைத்துக்கொண்டு பெட்டியோடு கூடவே நடந்தான்.

“தம்பிக்கு என் சலாமைச் சொல்லுங்க தாயி! ஆச்சி, பயப்படாதீங்க, அது நம்ம குதிரையைவிட நல்லாத்தான் ஓடும்!”

பெண்கள் பெட்டியில் இவர்களைத் தவிர ஒரு நாலைந்து பேர். பாலம்மாள் பலகையின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரயில் டவுனைத் தாண்டிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள்.

“ஏளா, இது பேட்டைதானே? அந்தா செல்லக்கிளி வீட்டுப் பின்கொல்லை! முருங்கை மரம்!”

“ஆமா அத்தை.”

பாலம்மாள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். வீடும் முருங்கையும் ஓடிப் பின்னால் போயின.

“நிக்கலையே” என்றாள்.

“நிக்காது அத்தை.”

“நல்லவேளை செல்லக்கிளிக்கு அது தெரிஞ்சிருக்கு. நான் சொன்னபடி கேட்டு அவ முருங்கை மரத்தடியில நின்னிருந்தா உன் பாடு என்ன ஆகியிருக்கும்?” பிறகு பைய, “அறிவு கெட்ட வேலை பண்ணிட்டேன், அன்னம்” என்றாள்.

கல்யாணமாகி வந்த இந்த எட்டு வருஷத்தில் பாலம்மாள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்னத்தாய் மாமியாரின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள்.

“நீங்க எனக்காகத்தானே செஞ்சீங்க.”

“செய்யறதை யோசிச்சுச் செய்ய வேண்டாமா? சரி. சேரன்மாதேவியில வாங்கிக் கொடுத்துட்டு நான் இறங்கிக்கிடுதேன். சந்தை கலைஞ்சதும் செல்லக்கிளி வண்டியில திரும்பிருவேன். நீ தனியாப் போயிருவேல்லா? அங்கன உங்க ஆளுக வந்து நிப்பாகல்லா?”

“அத்தை, அம்பாசமுத்திரத்துக்கே…”

“எனக்கு அங்கன என்ன சோலி?” பாலம்மாள் தன் வெள்ளைச் சேலையைப் பார்த்துக்கொண்டாள். “நான் எங்க வந்து நிக்க?”

அன்னத்தாய் தன் கல்யாணத்தை நினைத்தாள். மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது, மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஓரக்கண்ணால் தேடிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் பெரியம்மாக்கள், அத்தைகள், நாத்தனார்கள் எல்லாரும் இருந்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவளைக் காணோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அடுக்களைப் புகைக்கூண்டுக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாக, ஒற்றை மகன் தாலி கட்டுவதைப் பாலம்மாள் பார்த்திருக்கிறாள். அதுவும் முழுசாக இல்லை, நடுவில் யாரோ தாம்பாளம் கேட்டிருக்கிறார்கள்.

பொழுது நன்றாக விடிந்தது. கால்வாய்த் தண்ணீர் வரப்புக்கு வரப்பு மின்னியது. சேரன்மாதேவிக்குள் ரயில் நுழைந்தபோது அன்னத்தாய் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டாள்.

மேடையில் இரண்டு கூலியாட்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கிளி இல்லை.

ரயில் நின்றது.

“எங்களா அவ?”

“காணலை அத்தை.”

“எம்புட்டு நேரம் நிக்கும்?”

“ரெண்டு நிமிஷம்னு சொல்லுவாக.”

பாலம்மாள் எழுந்தாள். ரயிலைப் பார்த்துப் பயந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே கீழே இறங்கினாள். மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடினாள்.

“ஏ செல்லக்கிளீ! ஏ கருப்பட்டிக்காரி! எங்க போய்த் தொலைஞ்சே!”

கூலியாட்கள் பார்த்தார்கள். வெற்றிலைப் பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். கொடி பிடித்த ஆள் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். அன்னத்தாய் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். இறங்கிவிடலாமா? இறங்கி, சந்தையில் தேடி, அப்புறம்? மணவறையில் உட்கார்ந்திருக்கும் சிவசைலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். சின்ன வயசில் அவள் ஆற்றுக்குப் போய்விட்டு வர நேரமானால் வாசல்படியில் உட்கார்ந்து அப்படித்தான் பார்ப்பான்.

“ஆச்சீ!”

குரல் மேடையிலிருந்து வரவில்லை. ரயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அன்னத்தாய் எதிர் ஜன்னலுக்கு ஓடினாள். தண்டவாளத்தைத் தாண்டிச் செல்லக்கிளி, சேலையை முழங்கால் மட்டும் தூக்கிச் செருகிக்கொண்டு, மடியை இரண்டு கையாலும் அணைத்தபடி ஓடிவந்துகொண்டிருந்தாள். தூரத்தில் அடைத்த கேட்டுக்கு வெளியே கருப்பட்டி ஏற்றிய வண்டி நின்றது.

“கேட்டை அடைச்சுப் போட்டான், பாவி மட்டை! இந்த ரயிலுக்குத்தான் அடைக்கானாம், இந்த ரயிலுக்குத்தான் நான் வாரேன்னு சொன்னா கேக்கலை! குனிஞ்சு வந்துட்டேன். ஆச்சி எங்க?”

“அந்தப் பக்கம் இருக்காக. எங்கிட்டக் கொடுங்க அக்கா, நான் அவுக மருமவதானே.”

“ஆச்சி கையிலதான்!” என்று சொல்லிவிட்டுச் செல்லக்கிளி நிற்காமல் இன்ஜினைச் சுற்றி ஓடினாள். இன்ஜின்காரன் வைதான். அவள் பதிலுக்கு வைதது அதைவிட நீளம்.

மேடையில் பாலம்மாளுக்கு முன்னால் வந்து நின்று மடியை அவிழ்த்தாள். மூச்சு வாங்கியது.

“பிடிங்க. ராத்திரி பூரா மடியை விட்டு இறக்கலை. மாடு மாத்தையில கூட இறக்கலை. பாருங்க, முடிச்சு நீங்க போட்டபடி இருக்கா?”

பாலம்மாள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். செல்லக்கிளியின் கன்னத்தை ஒரு தரம் தடவினாள். பிறகு மூட்டையை ஜன்னல் வழியாக மருமகளின் கையில் வைத்தாள்.

அன்னத்தாய் அங்கேயே, நின்றபடியே அவிழ்த்தாள். அவள் சேலை மடிப்புக்குள் மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, அரிசி. அடியில் செப்பு. திறந்தாள். மஞ்சள் கயிறு சுற்றிய தாலி இருந்தது. மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள்கூட மூச்சு விட்டார்கள்.

“இருக்கா?”

“இருக்கு அத்தை.”

“அப்பச் சரி. நல்ல நேரத்துக்குள்ள போயிருவே. முடிச்சை இறுக்கிப் போடு. அவசரப்படாதே. முதல் முடிச்சு விழுந்ததும்…” பாலம்மாள் நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எனக்கு என்ன தெரியும்? நான் புகைக்கு நடுவுல பாத்ததுதானே.”

கடைசிப் பெட்டி ஆள் கொடியை ஆட்டினான். ரயில் ஊதியது. பாலம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்து, புறப்படுகிறவளின் கண்ணில் முழுசாகப் படாமல், செல்லக்கிளியின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அன்னத்தாய் செப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து மறு கையைக் கீழே நீட்டினாள்.

“தாயில்லாத வீட்டுக் கல்யாணம் அத்தை, மணவறையில எனக்குப் பக்கத்துல வந்து நிக்க ஆள் வேணும், ஏறுங்க.”